மஞ்சள் கல்: கனக புஷ்பராகமா, டோபாஸா, சிட்ரினா?

மஞ்சள் கல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தட்டில் மூன்று கற்கள் இருக்கும். மூன்றும் தெளிவாக, மூன்றும் மஞ்சளாக. ஒன்றைக் கனக புஷ்பராகம் (மஞ்சள் சஃபையர்) என்பார்கள், இன்னொன்றை டோபாஸ், மூன்றாவதைச் சிட்ரின். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்போது மலிவான கல்லே போதாதா என்று கேட்பது நியாயம்தான். சில தேவைகளுக்கு அது தாராளமாகப் போதும். வேறு சில தேவைகளுக்கு வாங்கினால் சில வருடங்களில் பட்டை மழுங்கி, கண்ணாடித் துண்டுபோல மங்கிப்போகும்.

நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவுதான் அதிகம் தவறுகிறது. கல் உடம்பில் எங்கே இருக்கப்போகிறது, அந்த மஞ்சள் கல்லுக்குள் எப்படி வந்தது என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

## எதையெல்லாம் எடைபோட வேண்டும்

எங்கே அணிவது. மோதிரம் நாள் முழுக்க மேசை, கதவு, பாத்திரம் என்று இடிபடும். பதக்கமும் தோடும் அப்படி இல்லை. சாதாரணத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அவற்றின் கடினம் 7. தூசியைத் துணியால் துடைப்பதே 7-க்குக் கீழே உள்ள கல்லுக்குத் தேய்ப்புக்காகிதம் போட்டதற்குச் சமம். மோஸ் எண்கள் சம இடைவெளி கொண்டவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். கடினத்தை அளந்து சொல்லும் நூப் அளவுகோலில் குவார்ட்ஸ் (சிட்ரினின் கனிமம்) சுமார் 820, டோபாஸ் சுமார் 1340, குருந்தம் (சஃபையரின் கனிமம்) சுமார் 2100. 7-லிருந்து 9 வரை இரண்டே படி என்றாலும் கடினம் இரண்டரை மடங்காகிறது.

உடையுமா. கடினமும் உறுதியும் வேறு வேறு. கீறல் விழாத கல்லும் ஒரே தட்டில் இரண்டாகப் பிளக்கலாம்.

நிறம் எப்படி வந்தது. மஞ்சள் இரண்டு வழியில் வருகிறது. படிகத்துக்குள் இருக்கும் இரும்பு ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சுவது ஒரு வழி. கதிர்வீச்சு பட்டு எலக்ட்ரான்கள் இடம் மாறி உருவாகும் ‘நிற மையம்’ அதே வேலையைச் செய்வது இன்னொரு வழி. இரும்பு தந்த மஞ்சள் வெயிலுக்கு அசையாது. நிற மையம் தந்த மஞ்சள் சில கற்களில் காலத்துக்கும் நிற்கும், சிலவற்றில் வெயிலில் வெளுத்துப்போகும்.

என்ன செய்திருக்கிறார்கள். வெப்பம், கதிர்வீச்சு, வேறு தனிமத்தை உள்ளே செலுத்துதல், மேற்பூச்சு என ஒவ்வொன்றும் மதிப்பை வேறு வேறு அளவில் குறைக்கும்.

எடையும் பரப்பும். விலை காரட்டுக்கு, கண்ணுக்குத் தெரிவதோ மில்லிமீட்டர். அடர்த்தி அதிகமுள்ள கல் அதே காரட்டில் சிறியதாகத் தெரியும்.

நம்பிக்கை. ஜோதிடக் காரணத்துக்காக வாங்குபவருக்கு இது ஒன்றே மற்ற எல்லாவற்றையும் முந்திவிடும். அதைத் தனியாகக் கீழே பார்க்கலாம்.

| | மஞ்சள் சஃபையர் | டோபாஸ் | சிட்ரின் | கிரைசோபெரில் (மாற்றுக் கல், கீழே விவரம்) |
|---|---|---|---|---|
| கனிமம் | குருந்தம் (அலுமினியம் ஆக்சைடு) | அலுமினியம் ஃப்ளூரோ சிலிகேட் | குவார்ட்ஸ் (சிலிக்கா) | பெரிலியம் அலுமினியம் ஆக்சைடு |
| மோஸ் கடினம் | 9 | 8 | 7 | 8.5 |
| ஒப்படர்த்தி (அதே அளவு நீரைப்போல எத்தனை மடங்கு எடை) | 4.00 | சுமார் 3.53 | 2.65 | 3.73 |
| ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) | 1.762–1.770 | 1.61–1.64 | 1.544–1.553 | 1.746–1.755 |
| எளிதில் பிளக்குமா | இல்லை | ஆம், ஒரு திசையில் | இல்லை | அரிது |
| 10×8×5 மி.மீ. நீள்வட்டக் கல்லின் எடை | சுமார் 3.2 காரட் | சுமார் 2.9 | சுமார் 2.1 | சுமார் 3.0 |
| வழக்கமான மாற்றம் | வெப்பம். சிலவற்றில் பெரிலியம், கதிர்வீச்சு | சிலவற்றில் கதிர்வீச்சு, மேற்பூச்சு | அமெதிஸ்டை வெப்பமூட்டுதல் | பெரும்பாலும் எதுவும் இல்லை |
| தினசரி மோதிரம் | ஏற்றது | தவிர்க்கலாம் | அணியலாம், தேயும் | ஏற்றது |

## மஞ்சள் சஃபையர் (கனக புஷ்பராகம்)

வெறும் ‘புஷ்பராகம்’ என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். அகராதிகள் அதை டோபாஸ் என்கின்றன, சந்தையில் பலர் சஃபையர் என்ற பொருளில் சொல்கிறார்கள். பில்லில் ‘இயற்கை மஞ்சள் சஃபையர், குருந்தம்’ என்று கனிமத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இலங்கையின் ரத்தினபுரிப் பகுதி, மடகாஸ்கர், தாய்லாந்தின் சந்தபுரி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆகியவை முக்கியமான ஊற்றுகள். இலங்கைக் கல்லில் இரும்பு குறைவு. அதனால் நிறம் இளசாக, தெளிவாக இருக்கும். நீண்ட அலை புற ஊதா விளக்கின் கீழ் பெரும்பாலும் ஆரஞ்சு சாயலில் ஒளிரும். தாய்லாந்து, ஆஸ்திரேலியக் கற்களில் இரும்பு அதிகம். நிறம் ஆழமாக, சில சமயம் பச்சை கலந்து இருக்கும். விளக்கின் கீழ் ஒளிராது. ஒளிரவில்லை என்பதற்காகக் கல்லைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இந்தக் கல்லில் மறைந்திருக்கும் செலவு முழுவதும் ‘என்ன செய்திருக்கிறார்கள்’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது. சாதாரண வெப்பமூட்டல் வெளிறிய கல்லை ஆழமான மஞ்சளாக்கும். அது நிரந்தரம், சந்தையும் ஏற்றுக்கொண்ட ஒன்று. ஆனாலும் வெப்பம் காணாத கல்லுக்கு விலை தெளிவாகவே கூடுதல். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கை உருப்பெருக்கி) பார்த்தால், ரூட்டைல் எனும் கனிமத்தின் ஊசிகள் முழுசாக, மெல்லிய பட்டிழைபோல நீண்டு கிடப்பது வெப்பம் படாததற்கு நல்ல அறிகுறி. ஊசிகள் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தாலோ, உள்ளிருக்கும் சிறு படிகத்தைச் சுற்றி வட்டத் தட்டுபோல வெடிப்பு இருந்தாலோ கல் சூளையைப் பார்த்திருக்கிறது.

பெரிலியம் விஷயம் வேறு. 2001, 2002 வாக்கில் தாய்லாந்திலிருந்து பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு சஃபையர்கள் திடீரென்று குவிந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. பெரிலியம் உள்ள பொருளுடன் சேர்த்து 1800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வைத்தால் அந்தத் தனிமம் படிகத்துக்குள் ஊடுருவி நிறத்தை உண்டாக்குகிறது. நிறம் போகாது, கல்லும் இயற்கைக் குருந்தம்தான். ஆனால் மதிப்பு பல மடங்கு குறைவு. லூப்பும் ஒளிவிலகல் மானியும் இதை உறுதியாகப் பிடிக்காது. லேசர் கொண்டு மிக நுண்ணிய அளவு பொருளை ஆவியாக்கித் தனிமங்களை அளக்கும் கருவி வேண்டும். அதனால் பெரிய தொகை போடும் சஃபையருக்கு ஆய்வக அறிக்கை வாங்குவது கட்டாயம். அந்தக் கட்டணத்தையும் கல்லின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஜி.ஐ.ஏ., கியூபெலின், எஸ்.எஸ்.இ.எஃப். போன்ற ஆய்வகங்களின் அறிக்கையில் ‘இயற்கைக் குருந்தம்’ என்ற வரியோடு நின்றுவிடாமல், மாற்றங்கள் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். கல்லின் உண்மை விலை அங்கேதான் எழுதியிருக்கிறது.

கதிர்வீச்சு பட்ட மஞ்சள் சஃபையர்தான் இருப்பதிலேயே ஏமாற்றமானது. வாங்கும்போது அடர்ந்த பொன்னிறம். வெயில் பட்டால் சில நாட்களிலேயே வெளுத்துவிடும். நிறம் சந்தேகமாக இருந்தால், திருப்பித் தரும் காலத்துக்குள் முதலில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு, கல்லை ஜன்னலோர நேரடி வெயிலில் சில நாள் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆய்வகத்தில் உருக்கி வளர்த்த சஃபையரும் உண்டு. ஓகுஸ்த் வெர்னுய் 1902-இல் அறிவித்த சுடர்முறையில் வளர்த்தவற்றில் வளைந்த கோடுகள் இருக்கும். இயற்கைக் கல்லில் நிறப்பட்டைகள் நேராகவோ 120 டிகிரி கோணத்திலோ போகும். மஞ்சளில் வளைகோடுகளைக் காண்பது கடினம். கல்லை நீரில் மூழ்கவைத்து நீலக் கண்ணாடி வழியாக ஒளி பாய்ச்சினால் சற்று எடுப்பாகத் தெரியும். பெரிய கல், உள்ளே துளி ஊடுபொருளும் (சிக்கிய வேறு துகள்) இல்லை, விலையும் குறைவு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெட்டையும் கவனியுங்கள். காரட்டை ஏற்றுவதற்காக அடிவயிற்றைத் தடிப்பாக விடும் பழக்கம் சஃபையரில் சாதாரணம். கல்லின் ஆழம் அகலத்தில் 60–70 சதவீதம் இருந்தால் சரி. 80-ஐத் தாண்டினால் மோதிரத்துக்குள் மறைந்துபோகும் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

தினமும் கழற்றாமல் அணியும் மோதிரத்துக்கும், அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைக்கும் நகைக்கும், மறுவிற்பனை முக்கியம் என்றாலும் இதுதான் சரியான கல்.

## டோபாஸ்

கடினம் 8 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் இதை மோதிரத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த எண் பாதிக் கதைதான். டோபாஸ் படிகத்தின் நீள அச்சுக்குக் குறுக்கே ஒரு முழுமையான பிளவுத்தளம் ஓடுகிறது. சரியான கோணத்தில் தரையில் விழுந்தால் கத்தியால் சீவியதுபோல இரண்டாகும். பட்டை தீட்டுபவர்கள்கூட எந்தப் பட்டையும் அந்தத் தளத்தோடு ஒன்றாமல் சில டிகிரி சாய்த்தே வெட்டுவார்கள். ஒன்றினால் அந்த முகம் மெருகேறாது, செதில் செதிலாகப் பிய்ந்து வரும். பிளந்த கல்லை ஒட்டுவது பலன் தராது. மறுவெட்டுச் செய்தால் சிறிய கல் மிஞ்சும், அதற்குப் புதிய நகைச்சட்டமும் வேண்டும்.

வாங்கும்போது கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே வானவில் நிறத்தில் மின்னும் தட்டையான தகடு தெரிந்தால் அது பிளவு தொடங்கிய இடம். அந்தக் கல் எவ்வளவு அழகானாலும் வேண்டாம்.

நிறத்தில் உயர்ந்தது பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், ஒவ்ரோ பிரேட்டோவைச் சுற்றிக் கிடைக்கும் இம்பீரியல் டோபாஸ். பொன் ஆரஞ்சிலிருந்து இளஞ்சிவப்பு வரை போகும் இதன் நிறம் நிலையானது. சாதாரண மஞ்சள், பழுப்பு டோபாஸ்களில் சில இயற்கையான கதிர்வீச்சிலேயே நிறம் பெற்றவை. அவற்றில் ஒரு பகுதி வெயிலில் வெளுக்கும். நிறமற்ற டோபாஸின் அடிப்பாகத்தில் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து நிறமூட்டியதும் விற்பனைக்கு வருகிறது. பின்பக்கப் பட்டை விளிம்புகளில் நிறம் உரிந்த கீறல்கள் தெரிந்தால் அதுதான் இது. அந்தக் கல்லை மறுமெருகு போட்டால் நிறம் மொத்தமும் போய்விடும்.

டோபாஸின் பெருமை அளவும் தெளிவும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அமெரிக்கன் கோல்டன் டோபாஸ்’ 22,892.5 காரட், 172 பட்டைகள். மினாஸ் ஜெராய்ஸில் கிடைத்த கல்லிலிருந்து வெட்டியது. பெரிய, ஊடுபொருள் இல்லாத, குளிர்ந்த மினுமினுப்புள்ள பதக்கக் கல் வேண்டும் என்றால் இந்தப் பணத்துக்கு இதைவிட நல்லது கிடைப்பது கடினம். மோதிரமாகத்தான் வேண்டும் என்றால், விளிம்பைச் சுற்றிலும் உலோகம் மடித்துப் பதியுங்கள். விசேஷங்களுக்கு மட்டும் அணியுங்கள்.

## சிட்ரின்

இயற்கையாகவே மஞ்சளாகக் கிடைக்கும் குவார்ட்ஸ் குறைவு. விற்பனையில் இருப்பதில் பெரும்பகுதி, ஊதா நிற அமெதிஸ்டைச் சுமார் 450–550 டிகிரி வெப்பத்தில் வைத்து மாற்றியது. தென் பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் கற்கள் இதற்குப் பேர்போனவை. இதை மோசடி என்று சொல்ல முடியாது. நிறமும் அன்றாட அணிதலில் நிற்கும். ‘வெப்பம் காணாத இயற்கைச் சிட்ரின்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கும்போதுதான் விழிப்பு வேண்டும்.

அடையாளம் இதுதான்: இயற்கைச் சிட்ரின் வெளிறிய மஞ்சள், பெரும்பாலும் புகைச் சாயலோடு இருக்கும், கல்லின் நிறத்தை இரண்டு சன்னல்களில் பிரித்துக் காட்டும் டைக்ரோஸ்கோப் கருவியில் அவற்றுக்கிடையே சிறு நிற வேறுபாடு தெரியும். சுட்ட அமெதிஸ்ட் செம்மை கலந்த ஆரஞ்சு. இரண்டு சன்னல்களும் ஒரே நிறம். அடியில் வெண்மையும் நுனியில் எரிந்த ஆரஞ்சுமாக, படிகக் கூட்டமாக விற்பனைக்கு வருவது அநேகமாகச் சுட்டதுதான். அழுத்தக் கலனில் நீர்வெப்ப முறையில் வளர்த்த குவார்ட்ஸும் சந்தையில் கலந்திருக்கிறது. மலிவான கல்லுக்கு ஆய்வகக் கட்டணம் கட்டுபடியாகாது என்பதால் அது பெரும்பாலும் சோதிக்கப்படாமலே கைமாறுகிறது.

சிட்ரினின் ஒளிவிலகல் எண் குறைவு. அதனால் அடிப்பட்டைகளின் கோணம் 41 டிகிரிக்குக் கீழே போனால் ஒளி திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும். நடுவில் நிறமே இல்லாமல் விரலின் தோல் தெரியும். சஃபையருக்கு அந்த எல்லை சுமார் 35 டிகிரி, எனவே சுமாரான வெட்டையும் அது பொறுத்துக்கொள்ளும். சிட்ரினில் கல் மலிவு, எனவே நல்ல வெட்டுக்குப் பணம் கொடுங்கள். கல்லை ஒரு எழுத்தின்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் வேறு கல்லைக் கேளுங்கள்.

மோதிரமாகத் தினமும் அணிந்தால் பட்டை விளிம்புகள் தேய்ந்து சில வருடத்துக்கு ஒருமுறை மறுமெருகு தேவைப்படும். பலமுறை இந்தக் கூலி கல்லின் விலையையே தாண்டும். புதுக் கல்லை மாற்றிக்கொள்வதே லாபம். பெரிய பதக்கம், தொங்கட்டான், நாகரிகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் நகை, வளரும் பிள்ளைகளுக்கான நகை எல்லாவற்றுக்கும் சிட்ரின் நிறைவான தேர்வு.

## கேட்டால் மட்டும் கிடைக்கும் இரண்டு

கிரைசோபெரில் பலருக்குத் தெரியாத கல். கடினம் 8.5, பெரும்பாலும் எந்த மாற்றமும் செய்யாதது. பச்சை கலந்த மஞ்சள் பிடித்தவருக்கு, தினசரி மோதிரத்துக்குச் சஃபையரைவிடக் குறைந்த செலவில் உண்மையான மாற்று. தூய பொன் மஞ்சளை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹீலியோடர் எனும் மஞ்சள் பெரில் 7.5–8 கடினம், எலுமிச்சை மஞ்சளில் மிகத் தெளிவாகக் கிடைக்கும். பட்டறையில் சுடர் பட்டால் நிறம் வெளுக்கவோ நீலமாகவோ மாறிவிடும் என்பதுதான் இதன் பலவீனம்.

## கதைகளுக்கு எவ்வளவு எடை

பழைய கதைகளை ஒரு குறிப்பிட்ட கல்லோடு கட்டுவது கடினம். கனிமங்களை வேதியியலால் பிரித்தறியும் காலம்வரை, தெளிவான மஞ்சள் கல் எதுவானாலும் ஐரோப்பியர் அதை டோபாஸ் என்றே சொல்லிவந்தார்கள். மஞ்சள் சஃபையர் ‘கீழைத் தேச டோபாஸ்’, சிட்ரின் ‘ஸ்பானிய டோபாஸ்’, ‘மதேரா டோபாஸ்’. பண்டைய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிய, செங்கடல் தீவின் ‘டோபாஸ்’ இன்றைய பெரிடாட் எனும் பச்சைக் கல். போர்ச்சுக்கல் அரச குடும்பத்தின் 1680 காரட் ‘பிரகான்சா வைரம்’ நிறமற்ற டோபாஸாகவே இருந்திருக்கும் என்பது பரவலான கருத்து. ஆகவே டோபாஸ் கொதிநீரையும் கோபத்தையும் தணிக்கும் என்ற ஐரோப்பிய நம்பிக்கை உண்மையில் எந்தக் கனிமத்தைப் பற்றியது என்று கேட்டால், மஞ்சள் நிறத்தைப் பற்றியது என்பதே பொருத்தம். சிட்ரினைப் பணப்பெட்டியில் வைத்தால் வியாபாரம் பெருகும் என்ற பேச்சோ அண்மைக் காலத்தது.

இந்திய மரபு இதில் தெளிவாக இருக்கிறது. நவமணிகளில் குருவுக்குரியது மஞ்சள் புஷ்பராகம். ஆள்காட்டி விரலில், கல் தோலில் படும்படி, பின்பக்கம் திறந்த சட்டத்தில் அணிவார்கள். இயலாதவர்களுக்கு டோபாஸ் அல்லது சிட்ரினை உபரத்தினமாகச் சொல்வதும் உண்டு. இந்த வழியில் போகிறவர் வாங்கும் முன் ஜோதிடரிடம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: வெப்பமூட்டிய கல்லை ஏற்பாரா, உபரத்தினம் போதுமா. ‘வெப்பம் படாத சஃபையர்தான்’ என்றால் செலவு ஏறும். ‘சிட்ரின் போதும்’ என்றால் தேவையற்ற பெரும் செலவு மிச்சம். ஆள்காட்டி விரல் அதிகம் இடிபடும் விரல் என்பதால், அங்கே டோபாஸை உபரத்தினமாக அணிவதைவிடச் சிட்ரின் பாதுகாப்பானது.

## எடையால் பிரித்தறிவது

நகையில் பதிக்காத கல்லானால் மூன்றையும் வீட்டிலேயே பிரிக்கலாம். 0.001 கிராம் காட்டும் சிறு தராசு, சிறு கிண்ணம், மெல்லிய நூல் போதும்.

1. கல்லைத் தனியாக எடை போடுங்கள். 3 காரட் என்றால் 0.600 கிராம் காட்டும்.
2. கிண்ணத்தில் நீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கலக்கித் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள்.
3. நூலில் கட்டிய கல்லை முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள்.
4. முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள்.

3 காரட் கல்லுக்கு 0.150 காட்டினால் ஒப்படர்த்தி 4.00, சஃபையர். 0.170 என்றால் டோபாஸ். 0.226 என்றால் சிட்ரின். 0.103 போல இருந்தால் அது கியூபிக் சிர்கோனியா எனும் செயற்கைக் கல். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழிதான் இந்தச் சோதனையைக் கெடுக்கும் முதல் காரணம், சோப்பு அதற்காகத்தான். ஒரு காரட்டுக்குக் குறைவான கல்லில் பிழை மிகுந்துவிடும். ஆய்வகத்தில் வளர்த்த சஃபையருக்கும் 4.00-தான் வரும், வெப்பமோ பெரிலியமோ இதில் தெரியாது.

## பதித்த பிறகு

வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் எல்லா மஞ்சள் கல்லுக்கும் போதும். டோபாஸை மீயொலிக் கருவியிலோ நீராவியிலோ வைக்கவே கூடாது. சிட்ரினுக்கும் நீராவி வேண்டாம்.

மோதிரத்தை அளவு கூட்டவோ பற்றவைக்கவோ கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். டோபாஸ் திடீர் வெப்பத்தில் பிளக்கும், சிட்ரின் நிறம் மாறும். சஃபையர் சூட்டைத் தாங்கும் என்று சொல்லிக் கழற்றாமல் விடுவது பட்டறைகளில் சாதாரணம். ஆனால் பற்றவைக்கப் பயன்படும் வெங்காரம் சூட்டில் குருந்தத்தின் மேற்பரப்பையே அரிக்கும். மெருகு போன அந்த முகத்தை மறுபடி பட்டை தீட்டித்தான் மீட்க முடியும், எடையும் குறையும். அதனால் வேலைக்குக் கொடுக்கும் முன் கல்லின் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது மேல் பட்டையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள்.